அவர் மறக்கவில்லை

என் கணவர் தம் வாயால் சொன்ன ஒரு சொல்லை, அவர் சொல்லவே இல்லை என்று நான் சாதித்தேன். அவர் என்னை நம்பினார். அந்த நம்பிக்கையால்தான் எங்கள் ஒரே மகள் வீட்டை விட்டுப் போனாள். பிறகு அவருடைய புத்தியும் கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுப் போயிற்று.

இதுதான் நான் செய்த குற்றம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் படிப்பதும், பாதியில் எழுந்து போவதும் உங்கள் விருப்பம்.

சர்க்கரை வியாதி அவர் மூளையைத் தின்றுவிட்டது என்றுதான் எங்கள் தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறேன். பாதி உண்மைக்குத் தலையாட்டுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அவர் பெயர் வேலாயுதம். வருவாய்த் துறையில் குமாஸ்தா. எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தோம். முதலில் ஊருக்குள் வாடகைக்கு இருந்தோம். பிறகு வேங்கிக்காலில் ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டோம். அதிகம் பேசாத மனிதர். ஆனால் வருகிறேன் என்றால் வருவார். தருகிறேன் என்றால் தருவார். ஆபீசில் அவர் மேல் கோபப்பட்டவர்கள்கூட அவர் வாக்கைச் சந்தேகப்பட்டதில்லை.

மகள் உமா அவருடைய பிள்ளை. என் வயிற்றில் பிறந்தவள்தான். ஆனாலும் அவருடைய பிள்ளை. அவள் என்ன படிப்பது, எந்தப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்வது, எல்லாம் அவர்கள் இருவருக்குள்ளேயே முடிவாகிவிடும். எனக்குச் செய்தி மட்டும் வரும். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வாசலில் நின்று நான் எத்தனை செய்திகளைக் கேட்டிருக்கிறேன்... ஒன்றிலும் எனக்குப் பங்கில்லை.

இதை ஒரு சாக்காகச் சொல்கிறேனா? தெரியவில்லை. உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இந்த ஊருக்கு வந்த சில வருடங்களில் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ஓயாத தாகம், ஆள் இளைத்துப் போனார், கழிவறையில் எறும்பு மொய்த்தது. டாக்டர் காலையும் மாலையும் மாத்திரை கொடுத்தார். மாத்திரையை அவர் தவறவிட்டதே இல்லை. சாப்பாட்டைத்தான் தவறவிட்டார். கிருத்திகை, பிரதோஷம், பௌர்ணமி என்று மாதத்தில் பல நாள் விரதம். சாமிக்காக இருப்பதை ஒரு மாத்திரைக்காக விடுவதா என்பார்.

அப்படி ஒரு கிருத்திகையன்று, ஆபீசில் மத்தியானம் அவர் திடீரென்று தம் மேலதிகாரியை ஒருமையில் ஏசியிருக்கிறார். வியர்வையில் சட்டை நனைந்து, நாக்குக் குழறி, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார். வாழ்நாளில் மதுவைத் தொடாத மனிதரைக் குடித்துவிட்டு வந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். விவரம் தெரிந்த ஒருவர் சர்க்கரை நிறையப் போட்டு டீயைப் புகட்டியபின், தெளிந்து எழுந்து, ஏன் எல்லோரும் தம்மைச் சுற்றி நிற்கிறார்கள் என்று கேட்டாராம். தாம் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவருக்கு நினைவில்லை.

மறுநாள் நானும் அவரோடு டாக்டரிடம் போனேன். அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் பேசினார்.

"மூளைக்கு சர்க்கரைதாம்மா சாப்பாடு. மாத்திரை போட்டுட்டு பட்டினி கெடந்தா சர்க்கரை ரொம்ப கம்மியாயிடும். அந்த நேரத்துல பேசறது, செய்யறது எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காது. மத்தபடி அவர் புத்தி தெளிவாத்தான் இருக்குது. ஆனா அடிக்கடி இப்படி ஆச்சுன்னா மூளை தாங்காது. விரதம்னா அன்னிக்கு மாத்திரை குடுக்காதீங்க."

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் புத்தி தெளிவாக இருக்கிறது என்று எனக்கு ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். நான் தெரியாமல் செய்தவள் அல்ல!

தொண்ணூற்றெட்டாம் வருடம். ஒரு வேலைநாள். மாலையில் அவர் ஆபீசிலிருந்து வந்து, கோதுமை உப்புமா சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உமா அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்ததும் குழாயை மூடினேன்.

பையன் பெயர் சேகர். கீழ்பென்னாத்தூர்க்காரன். தபால் ஆபீசில் வேலை. பெற்றோர் மணிலாக்கொட்டை பயிரிடுகிறவர்கள். வேறு சாதி. உமா ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவர் நிதானமாகக் கேள்வி கேட்டார். குடிப்பானா, வீட்டில் சொல்லிவிட்டானா, உன்னை வேலைக்கு அனுப்புவானா... அவள் பதில் சொன்னாள். பிறகு அவர் சொன்னார்.

"சரி. ஞாயித்துக்கெழம அவங்க அப்பா அம்மாவ கூட்டிக்கினு வரச் சொல்லு, பேசிடலாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

நான் கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன். குரலில் தடுமாற்றம் இல்லை. வயிறு நிறைந்திருந்தது. அவர் எப்போதும் பேசுகிற பேச்சு அது.

உமா டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போனபின் அவர் சமையலறை வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார். அழுதேன். போளூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டு வாசலை இனி எப்படி மிதிப்பேன் என்றேன். சாதிசனம் என்ன பேசும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாக்குக் கொடுத்துவிட்டேன் சரோஜா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாதிதான் காரணமா? ஆம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. இதையும் எனக்குச் செய்தியாகத்தானே சொன்னார்கள்!

அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. காலையில் அவர் வழக்கம்போல் கையை நீட்டினார். நான் மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தண்ணீரும் கொடுத்தேன். அன்று அவர் சாப்பிட மாட்டார், ஆபீஸ் விட்டதும் கிரிவலம் போவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

பழக்கத்தில் கொடுத்தேனா? கோபத்தில் கொடுத்தேனா? இத்தனை வருடமாகத் தோண்டிப் பார்க்கிறேன், அடி தட்டுப்படவில்லை. தெரியவில்லை என்று சொல்லிக்கொள்வதிலும் ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது...

அன்று மாலை செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு டீக்கடை எதிரில் அவர் சரிந்து விழுந்தார். பௌர்ணமிக் கூட்டம். குடிகாரன் என்று எண்ணி ஜனங்கள் ஒதுங்கி நடந்திருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் கண்ணில் படுவதற்குள் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மறுநாள் காலையில் கண் விழித்தார். காய்ச்சலில் கிடந்து எழுந்த குழந்தையின் முகம். உமா கஞ்சி வைத்துக்கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, இந்த வாரம் முழுவதுமே சரியாகப் பிடிபடவில்லை, என்னென்ன நடந்தது என்று சொல் என்றார்.

சொன்னேன். ஆபீசுக்குப் போனது, மழை பெய்தது, பக்கத்து வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்தது... எல்லாம் உண்மை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். பிறகு அவரே கேட்டார்.

"உமா ஏதோ பேசினா இல்ல? அந்தப் பையன வரச் சொன்னேன்ல?"

அவர் மறக்கவில்லை! பாருங்கள்... விழுந்து, வலிப்பு வந்து, மூளை பட்டினி கிடந்து எழுந்த பிறகும் மகளுக்குக் கொடுத்த வாக்கு அவருக்குள் அப்படியே இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும்.

"இல்லீங்க. அவ கேட்டா. நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க. அழுதுக்கினே போயிட்டா" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் கழித்து, வரச் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது என்று முணுமுணுத்தார். சீக்கில் வருகிற குழப்பம் அது, டாக்டரே சொன்னார் என்றேன். டாக்டர் வாயிலும் என் பொய்யைத் திணித்தேன். அதோடாவது நிறுத்தினேனா? நீங்கள் ஒத்துக்கொண்டதாக அவள் சொன்னாலும் சொல்வாள், ஜாக்கிரதை என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த ஒரு வாரமும் தகப்பனும் மகளும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. மறுத்துவிட்டோம், பிள்ளை மனம் நொந்திருக்கிறாள் என்று அவர் வாய் திறக்கவில்லை. உடம்பு தேறட்டும் என்று அவள் வாய் திறக்கவில்லை. பெற்றோரை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லிச் சேகரிடம் அவளாகவே சொல்லியிருக்கிறாள். அப்பா சொன்னால் சொன்னதுதான். அதை மறுபடி ஏன் கேட்க வேண்டும்? அவள் அப்படி வளர்ந்தவள். அவர்கள் நடுவே நான் கஞ்சி டம்ளரோடு போய் வந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பஸ்ஸில் வந்த களைப்போடு, தேங்காய் பழம் பூவோடு. அவர் எழுந்து வரவேற்று உட்காரச் சொன்னார். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று மரியாதையோடு கேட்டார். சேகரின் தகப்பனார் குழம்பிப் போய், நீங்கள் வரச் சொன்னதாகப் பாப்பா சொன்னாளே என்றார்.

"நானா?"

அவர் உமாவைப் பார்த்தார். உமா சிரித்தாள். அவர் விளையாடுகிறார் என்று நினைத்தாள் போலும். அந்தச் சிரிப்பை... வேண்டாம், அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

"நீங்கதானப்பா சொன்னீங்க. இதே எடத்துல ஒக்காந்துக்கினு."

அவர் என் பக்கம் திரும்பினார். என் கண்களில் தம் நினைவைத் தேடினார். நான் தரையைப் பார்த்தபடி, என்னிடம் அவர் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்றேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் எதையும் கேட்டிருக்க மாட்டாள் என்று உமா நம்பினாள். அப்பா என்னிடம் சொல்லவே இல்லை என்றும் நம்பினாள்.

"எனக்கு ஞாபகம் தவறுதுன்னு தெரிஞ்சி, அத வெச்சி என்ன ஏமாத்தப் பாத்தியா உமா?" அவர் சத்தம் போடவில்லை.

உமா எழுந்து நின்றாள். "சாதிசனத்துக்கு பயந்துக்கினு மறந்துட்ட மாதிரி நடிக்கறீங்களாப்பா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தகப்பனும் மகளும் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. சேகரின் அம்மா பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சில நாட்களில் உமா பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாற்றல் வாங்கிய சேகரோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். செய்தி வந்தபோது அவர் வாசலில் போய் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு சொல்லைத்தானே அழித்தேன்? இல்லை... அந்த ஒரு சொல்லோடு அவர் தம்முடைய எல்லா நினைவையும் சேர்த்துச் சந்தேகப்படத் தொடங்கினார். அவ்வளவு தெளிவாக நினைவில் இருந்த ஒன்றே நடக்கவில்லை என்றால், மற்றவற்றை எப்படி நம்புவார்? கதவைப் பூட்டினேனா என்று என்னைக் கேட்பார். இன்று சாப்பிட்டேனா என்பார். ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட இரண்டு பேரைக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் அன்போடு பதில் சொன்னேன். எந்நேரமும் என்னையே நம்பியிருந்தார்! அதில் எனக்குள் ஒரு சுகம் இருந்தது. இதைச் சொல்லக் கூசுகிறது; ஆனால் இருந்தது.

இரண்டாயிரத்தில் என்று நினைவு. அண்ணன் வீட்டு விசேஷத்துக்காகக் காலையிலேயே நான் போளூர் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் பிற்பாடு சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். அவர் மதில் ஓரம் வந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நான் மாத்திர போட்டுக்கினத நீங்க பாத்தீங்களா? போட்ட மாதிரிதான் இருக்குது. ஆனா என் ஞாபகத்த நம்ப முடியாதுங்களே."

பார்க்கவில்லையே என்றிருக்கிறாள் அவள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

அவர் காலையில் மாத்திரை போட்டிருந்தார். அது அவருக்கு நினைவிலும் இருந்தது. ஆனாலும் நினைவை நம்பாமல் மறுபடி போட்டுக்கொண்டு, அசதியில் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மாலையில் நான் வந்து கதவைத் திறந்தபோது பாய்க்கு வெளியே கிடந்தார். நுரை தள்ளிக் காய்ந்திருந்தது.

பல நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். எழுந்து வந்தவர் வேறு ஆள். மூளை ரொம்ப நேரம் பட்டினி கிடந்துவிட்டது, இனி பழையபடி ஆகாது என்றார் டாக்டர். பல வருடச் சர்க்கரையில் மூளைக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெட்டிருக்கும், அதனால் போகப் போக இன்னும் மங்கும் என்றார். ஏன் இரண்டு முறை மாத்திரை போட்டார் என்று கேட்டார். மறதி டாக்டர் என்றேன்.

மறதி! அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் எத்தனை வருடம் ஒளிந்திருக்கிறேன்...

வேலையிலிருந்து விடுவித்தார்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருமுனைக் கடைக்குப் போனால் திரும்பும் வழி தெரியாமல் நிற்பார். பிறகு அந்தச் சண்டையும் அவருக்குள் அழிந்துபோயிற்று. உமா பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாளா என்று மாலைதோறும் கேட்பார். வந்துவிடுவாள் என்பேன்.

ஒரு மத்தியானம் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள், நான்தான் பொய் சொன்னேன் என்றேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "அப்படியா, பாவம் அந்தப் பொண்ணு" என்றார். யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்டதுபோல.

விட்டேனா? இன்னொரு நாளும் சொன்னேன். அன்று அவருக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தையே வெறித்துப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். உமாவைக் கூப்பிடு, உமாவைக் கூப்பிடு என்றார். நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணில் ஈரம் காயாமலே, டீ வேண்டும் என்று கேட்டார். ஏன் அழுதோம் என்பது போய்விட்டது.

அன்றுதான் எனக்கு உறைத்தது. என் நெஞ்சு லேசாக வேண்டும் என்பதற்காக அந்த மனிதரை மறுபடி அழவைத்திருக்கிறேன். மறந்துவிடுவார் என்ற தைரியத்தில்தானே சொன்னேன்? முதலில் பொய் சொன்னதும் அதே தைரியத்தில்தானே? அதற்குப் பிறகு அவரிடம் சொல்லவில்லை.

சில வருடங்கள் அப்படியே கிடந்து போய்ச் சேர்ந்தார். உமா வந்தாள். கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும். உடலருகே நின்றவள் அழவில்லை. எல்லாம் முடிந்தபின் கொல்லைப்புறத்தில் என்னிடம் கேட்டாள். "கடைசிவரைக்கும் நான் பொய் சொன்னதாத்தான் அப்பா நெனச்சிக்கினு இருந்தாராம்மா?"

அவருக்குக் கடைசியில் எதுவுமே நினைவில்லை என்றேன். அது உண்மை. உண்மையைக்கொண்டே அவளை ஏமாற்ற எனக்கு அதற்குள் பழகிவிட்டிருந்தது.

பிறகு ஞாயிறுதோறும் அவள் தொலைபேசியில் பேசத் தொடங்கினாள். இந்த உலகத்தில் எனக்கு மிஞ்சியிருப்பது அந்த அழைப்பு ஒன்றுதான். இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது அவளுக்கு வந்த சர்க்கரை, பிள்ளை பிறந்த பிறகும் போகாமல் தங்கிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் பெயர் சட்டென்று வர மறுக்கிறது, அப்பாவைப் போல ஆகிவிடுவேனோ என்று பயப்படுகிறாள். போன வாரம் பேச்சின் நடுவே நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, அன்னிக்கு அப்பா நெஜமாவே வரச் சொன்னாரா? இல்ல, ஆசையில நானா அப்படி நெனச்சிக்கினனா? இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்குதும்மா. தப்பு என் மேல இருந்து, இத்தன வருஷம் அவர் மேல கோவமா இருந்துட்டேனோன்னு..."

ஒரு வாக்கியம் போதும். சொன்னார் உமா, உன் அப்பா சொன்னார், நான் கேட்டேன். அவளுக்கு அவள் அப்பா திரும்பக் கிடைத்துவிடுவார். ஆனால் எனக்கு? ஞாயிற்றுக்கிழமையில் யார் பேசுவார்கள்?

"பழசெல்லாம் எதுக்கும்மா இப்ப? சாப்டியா?" என்றேன்.

சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை. அவள் அழைப்பாள். மறுபடி கேட்டாலும் கேட்பாள். நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்... எனக்கும் தெரியும்.